வாசகர் கேள்வி – பதில்: கொட்டிலில் கிடக்கும் குண்டு

கேள்வி: தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி, மாலை சூட்டி வைத்திருந்த வேல்களைக் கண்ட ஔவையார், அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகக் குத்திக் காட்டியதை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அணுகுண்டும் கொட்டிலிலேயே கிடப்பதால்தானே உலகம் பிழைத்திருக்கிறது? அதை அமைதி காக்கும் ஆயுதம் என்று ஒப்புக்கொள்ள என்ன தயக்கம்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பென்னாகரம்

பதில்: தகடூர் மண்ணிலிருந்து வரவேண்டிய கேள்விதான். அதில் பாதி உண்மை இருப்பதை மறுக்க மாட்டேன். 1945க்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நேருக்கு நேர் முழுப்போரில் இறங்கவில்லை. தங்கள் பகையைக் கொரியாவிலும் வியட்நாமிலும் ஆப்கானிஸ்தானிலும் தீர்த்துக்கொண்டன. அங்கே மாண்டவர்களைக் கணக்கில் சேர்க்காதவர்களுக்கு மட்டுமே அது அமைதிக் காலம். நம் பக்கத்தில், 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனை நடத்தி ஓராண்டு கடந்ததும் கடக்காததுமாகக் கார்கில் போர் மூண்டது. குண்டு அந்தப் போரைத் தடுக்கவில்லை. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று நம் விமானப்படைக்கு விதிக்கப்பட்ட வரம்பில் அதற்கும் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது.

ஆனால் தொண்டைமானின் வேல் சும்மா கிடந்தால் சும்மா கிடந்ததுதான். அணு ஆயுதம் அப்படிக் கிடப்பதில்லை. எதிரி வீசிவிட்டானா என்று கருவிகள் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன, அந்தக் கருவிகளுக்கும் கண் மங்குவதுண்டு. 1983 செப்டம்பர் 26 அன்று நள்ளிரவு கடந்த நேரத்தில், அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை அனுப்பிவிட்டதாக சோவியத் கண்காணிப்பு நிலையத்தில் எச்சரிக்கை ஒலித்தது. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், போர் தொடுப்பவர்கள் ஐந்தே ஐந்தோடு தொடங்குவார்களா என்று யோசித்து, இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்டுத் தெறித்த வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. அன்று அந்த நாற்காலியில் அவசரக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு, அச்சமே அமைதி தரும் என்று வாதிடுபவர்களிடம் நான் இதுவரை நேரான பதிலைக் கேட்டதில்லை.

தொலைவில் நடந்தது என்று ஒதுக்கவும் முடியாது. 2022 மார்ச் 9 அன்று பராமரிப்புப் பணியின்போது தவறுதலாகப் பாய்ந்த இந்திய ஏவுகணை ஒன்று, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிரிழப்பும் இல்லை, பாகிஸ்தானும் பொறுத்துக்கொண்டது. எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது, யாரும் பேசாத ஒரு சாதாரண ஏற்பாடு: 1988இல் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, தாக்கக் கூடாத அணு நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் பரிமாறிக்கொள்கின்றன.

கேள்வி: ஹிரோஷிமாவில் வீசிய குண்டு 15 கிலோ டன் என்கிறார்களே, அது எவ்வளவு?
– கல் குவாரியில் கணக்கு எழுதுபவர், கிருஷ்ணகிரி

பதில்: 15,000 டன் டிஎன்டி வெடிமருந்தின் சக்தி என்று பொருள். லாரிக்குப் 10 டன் ஏற்றினால் 1,500 லாரிகள். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் கிருஷ்ணகிரியில் தொடங்கும் வரிசை காவேரிப்பட்டணத்தைத் தாண்டிவிடும். உங்கள் குவாரியில் வெடி வைப்பதற்கு முன் சிவப்புக் கொடி காட்டி, சங்கு ஊதி, ஆட்களை அப்புறப்படுத்துவீர்கள். அங்கே காலை எட்டேகால் மணிக்கு மக்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த 1945ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். குண்டின் எடை சுமார் 4,400 கிலோ, உங்கள் லாரி ஒன்றில் பாதிச் சுமைகூட இல்லை. அதிலிருந்த 64 கிலோ யுரேனியத்தில் பிளந்தது 1 கிலோவுக்கும் குறைவு.