கொழும்பு எஞ்சினில் கனடாக் குளிர்

கேள்வி: பொல்கொடை ஏரியில் ஓடும் எங்கள் போட்டுக்குப் பஞ்சிகாவத்தையில் பாவித்த வி-8 பெட்ரோல் எஞ்சின் ஒன்று வாங்கிப் பூட்டினோம். கனடாவிலிருந்து வந்த சாமானாம். முதல் ஓட்டத்திலேயே ஒயில் பால் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் மாற்றியும் அதே கதைதான். புளொக்கில் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலில்) வெடிப்பு, ஐஸ் பிடித்து வந்தது என்கிறார் எஞ்சின் திருத்தும் பாஸ். கொழும்பில் எப்படி ஐஸ்? ஏமாற்றுகிறாரா?
(வாசகர், மட்டக்குளி)

பதில்: பாஸ் ஏமாற்றவில்லை, அவர் சொல்வதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஐஸ் பிடித்தது இங்கே அல்ல, அங்கே. உங்கள் மாதிரி எஞ்சின்கள் பல, ஏரித் தண்ணீரையே நேராக உறிஞ்சி, புளொக்குக்குள் சுற்றவிட்டு, புகையோடு வெளியே தள்ளுபவை. எஞ்சினை நிறுத்தினாலும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கும். உறையும்போது தண்ணீரின் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும், வார்ப்பிரும்போ வளைந்து கொடுக்காது, ஆகவே மெல்லிய சுவர் எங்கேயோ அங்கே பிளக்கும். ஐஸ் உருகிக் காய்ந்து, யாரோ மேலே பெயின்ட் அடித்துவிட்டால் பார்வைக்குப் புத்தம்புது எஞ்சின்தான்.

வி-8களில் வெடிப்பு அதிகம் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, புளொக்கின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் கோடு. பெயின்டைச் சுரண்டினால் தலைமயிர் அளவில் துருக் கோடாகத் தெரியும். மற்றது காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் தெரியும், வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்தில். உங்களுடையது இதுவாக இருக்கலாம், ஏனென்றால் அங்கே கசியும் தண்ணீர் நேரே ஒயிலில்தான் விழும். ஊகத்தில் பணம் செலவழிக்க வேண்டாம்: தண்ணீர் போகும் வரும் குழாய்களை எல்லாம் அடைத்து, புளொக்கின் வடிகால் துளை வழியாக 15 பி.எஸ்.ஐ. அளவு காற்று ஏற்றி, அதற்கு மேல் போகாமல், சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கேதான் வெடிப்பு. வெளியே ஒன்றும் தெரியாமல் கேஜ் முள் இறங்கினால், அடியில் ஒயில் தேங்கும் சம்புக்குள்ளும், பிளக்கைக் கழற்றி சிலிண்டர்களுக்குள்ளும் காது கொடுத்துக் கேளுங்கள்.

வெளி வெடிப்பென்றால் கவலை குறைவு. இரு முனையிலும் சிறிய துளை போட்டு வெடிப்பு ஓடுவதை நிறுத்தி, வி வடிவில் கிரைண்ட் பண்ணி, எண்ணெய்ப்பசை போகக் கழுவி, உலோக எபொக்சி பூசினால் வருடக்கணக்கில் தாங்கிய எஞ்சின்கள் உண்டு, தண்ணீர்ப் பக்கத்தில் அழுத்தம் அதிகமில்லை என்பதால். அதைவிட நல்லது திருகாணிகளை ஒன்றோடொன்று பட வரிசையாக இறக்கித் தைக்கும் முறை, ஆனால் அது தெரிந்த ஆள் வேண்டும். வெல்டிங் என்று யாராவது சொன்னால் புளொக்கை முழுதாகச் சூடாக்கி, பிறகு ஆறுதலாக ஆறவிடுவாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் புதிதாய் ஒரு வெடிப்பு வரும். சிலிண்டர் சுவரே பிளந்திருந்தால் உள்ளே ஸ்லீவ் என்ற உலோக உறை போடலாம், என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு வேறு புளொக் பார்ப்பேன்.

எது எப்படியோ, அந்தப் பால் ஒயிலோடு எஞ்சினை விட்டுவைக்காதீர்கள். இன்றைக்கே வடித்து, புது ஒயில் ஊற்றிக் கையால் சுற்றி, மறுபடி வடியுங்கள். தண்ணீர் நின்றால் பேரிங் துருப்பிடிக்கும், அப்புறம் திருத்துவதற்கு மிச்சமாகப் புளொக் மட்டும்தான் இருக்கும். அடுத்த முறை காசு கொடுக்கும் முன்னரே காற்று டெஸ்ட் கேளுங்கள், செய்ய விடாத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: டொரோண்டோவில் இருக்கும் அத்தான் சிம்கோ ஏரிக்கென்று ஒரு போட் வாங்கியிருக்கிறார். குளிர்காலத்தில் ஐஸ் பிடிக்காமலிருக்க எஞ்சின் அறைக்குள் ஒரு பல்ப் எரியவிட்டால் போதும், மிஞ்சினால் ஃப்ரீஸ் பிளக் கழன்று புளொக்கைக் காப்பாற்றும் என்கிறார். சரியா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: இரண்டும் பிழை. மழைக்காற்றில் கரண்ட் போவது நமக்கு மட்டும் நடப்பதல்ல, அங்கே பனிப்புயலிலும் போகும், போன அந்த இரவே போதும். பெட்ரோல் ஆவி தங்கும் அறைக்குள் பல்ப் வைப்பதும் தீயோடு விளையாட்டு. ஃப்ரீஸ் பிளக், நம்ம ஊரில் வெல்ஷ் பிளக், வார்ப்பு மணலை எடுக்க விட்ட துளைக்கான மூடிதான். சிலவேளை கழலும், பலவேளை அது அப்படியே இருக்கப் புளொக் பிளக்கும்.

முதல் உறைபனிக்கு முன்னால் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள்: புளொக்கின் இரு பக்கமும், இரண்டு மேனிஃபோல்டும், பம்பும், தாழ்ந்து தொங்கும் ஹோஸ்களும். வடிகால் பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வராவிட்டால் காலி என்று நம்பக் கூடாது, துரு அடைத்திருக்கும், ஒரு கம்பியை விட்டுக் குத்த வேண்டும். குத்தியதும் ஓடும். பிறகு புரோப்பிலீன் கிளைக்கோல் கலந்த இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை (உறைதலைத் தடுக்கும் திரவம்) மேல் ஹோஸ் வழியாக ஊற்றலாம். வாளியில் வைத்து எஞ்சினாலேயே உறிஞ்சவிடுவது அரைகுறை வேலை, எஞ்சின் குளிர்ந்திருந்தால், சூட்டுக்குத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், ஆன்டிஃப்ரீஸ் புளொக்குக்குள் போகாமலே எக்ஸோஸ்டால் வெளியேறிவிடும். கேனில் உள்ள மைனஸ் 50 என்பது பாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 46 பாகை. உள்ளே மிஞ்சிய தண்ணீர் கலந்தால் அந்தக் காவலும் குறையும்.

மூடிய கூலிங் (புளொக்குக்குள் ஏரித் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் என்ற திரவம் சுற்றும் முறை) உள்ள எஞ்சினென்றாலும், அந்தக் கூலண்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஏரித் தண்ணீர் ஓடுகிறது, அதையும் வடிக்க வேண்டும்.

கேள்வி: இங்கே குளிரே இல்லையே, மூடிய கூலிங் எஞ்சினுக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன?
(வாசகர், தெஹிவளை)

பதில்: உள்ளே துருப்பிடிக்கும். கூலண்டில் துருத் தடுப்பும் இருக்கிறது, கொதிநிலையும் உயரும், அதற்காகவே ஊற்றுங்கள். கடலில் ஓட்டினால் கரைக்கு வந்ததும் கடல் தண்ணீர் ஓடும் பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள், நமக்குப் பகை ஐஸ் அல்ல, உப்பு.