மச்சான் செக் வீட்டுக்காரர் கையில் இருக்கும்போது ஊருக்குக் கிளம்பாதீர்கள்

கேள்வி: சொந்த ஊர் மேலப்பாளையம். வேலைக்காகக் குடும்பத்தோடு துபாய் வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. வருட வாடகை 60,000 திர்ஹம், மூன்று மாதத்துக்கு ஒன்றாக முன்கூட்டியே தேதி போட்டுக் கொடுத்த நான்கு செக். அப்போது எனக்கு செக் புக் வராததால் நான்கையும் மச்சான் தன் கணக்கில் கொடுத்தார். இரண்டு மாறிவிட்டன. ஏசி ஒழுகுகிறது, வீட்டுக்காரர் மரியாதையில்லாமல் பேசுகிறார், நம்மூர் புரோக்கரும் ஏமாற்றிவிட்டார். இப்போது வேலையும் போய்விட்டது. ஊருக்கே திரும்பலாம் என்றிருக்கிறோம். மச்சான் அந்தக் கணக்கை மூடிவிட்டால் போதும், ஊருக்கு வந்துவிட்டால் யாரும் தொட முடியாது என்று நண்பர் சொல்கிறார். சரிதானா?

பதில்: ஏசியையும் வீட்டுக்காரர் பேச்சையும் புரோக்கரையும் விட்டுவிடுங்கள். மராமத்துக்குப் புகார் கொடுக்க துபாயில் வாடகைத் தகராறு மையம் இருக்கிறது. ஆனால் ஏசி ஒழுகியதற்காக ஒப்பந்தம் முறியாது. வேலை போனதாலும் முறியாது. உங்கள் விஷயத்தில் சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: இன்னும் இரண்டு செக் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, இரண்டிலும் உங்கள் மச்சான் கையெழுத்து இருக்கிறது.

நம்மூரில் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டாலும், ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு, அட்வான்ஸில் கழித்துக்கொண்டு காலி செய்துவிடுகிறோம். அங்கே அந்தப் பழக்கம் செல்லாது. துபாயின் 2007-ம் ஆண்டு 26-ம் எண் சட்டப்படி, காலம் முடியாத வாடகை ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் முடித்துக்கொள்ள முடியாது. நடுவில் போக வழி இருந்தால் அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: 60 நாள் முன்னறிவிப்பு, இரண்டு மாத வாடகை அபராதம். உங்களுக்குக் கிடைத்த நல்ல விஷயம் அது ஒன்றுதான்.

இனி நண்பர் சொன்ன யோசனை. இதை நம்பிக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கோபமாகவே சொல்கிறேன். 2022 ஜனவரி முதல் அங்கே கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் பெரும்பாலும் சிறை இல்லை என்பது உண்மை. அதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள். செக் வங்கிக்குப் போகும் முன் கணக்கை மூடினால், இருக்கும் பணத்தை முழுக்க எடுத்தால், காரணமில்லாமல் பணம் கொடுக்காதே என்று வங்கிக்கு எழுதினால், அது இன்றும் குற்றம்தான். அதாவது நண்பர் காட்டுகிற வழி, சிவில் கடனாக நிற்பதைக் கிரிமினல் வழக்காக மாற்றும் வழி. நீங்கள் ஊரில் இருப்பீர்கள். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மச்சான்தான் மாட்டுவார்.

கணக்கை மூடாமல் சும்மா விட்டாலும் ஆபத்து போகாது. கணக்கில் இருப்பதை வங்கி கொடுத்துவிட்டு, மீதிக்குத் திருப்பிவிடும். அந்தத் திரும்பிய செக்கை வைத்தே, தனி வழக்கு நடத்தாமல், வீட்டுக்காரர் பணத்தை வசூலித்துத் தரச் சொல்லி நீதிமன்றத்தில் நேரே நிறைவேற்று மனு போடலாம். பயணத் தடையும் வரலாம். அக்கா வீட்டில் ஒரு விசேஷத்துக்கு மச்சான் ஊர் வர முடியாமல் போனால் அதை எப்படி ஈடு செய்வீர்கள்?

அப்புறம், ஊருக்கு வந்தால் தொட முடியாது என்பதும் பழைய கதை. 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வந்த பிறகு, அமீரக நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பை சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் உங்கள் வீட்டின் மீது ஜப்தி கேட்டு மனு வரும் நிலையை நீங்களே உண்டாக்காதீர்கள்.

சமாதானமாகப் போங்கள். மூன்றாவது செக் தேதிக்கு முன்பே, இன்றே எழுத்தில் அறிவிப்பு கொடுங்கள். உங்கள் வாடகை மாதம் 5,000. அறிவிப்புக் காலத்துக்கு 10,000, அபராதம் 10,000, ஆக 20,000. சும்மா விட்டால் இரண்டு செக்குக்கும் சேர்த்துப் போவது 30,000. டெபாசிட் 3,000-ஐ அதில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். வேறு குடித்தனக்காரரை நீங்களே கூட்டிவந்தால் அபராதத்தைக் குறைக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு, முயற்சி செய்யுங்கள்.

பணத்தைக் கொடுக்கும்போது இரண்டு செக்கின் அசலும் கைக்கு வர வேண்டும். "கிழித்துப் போட்டுவிட்டேன்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். பாக்கி எதுவும் இல்லை என்று வீட்டுக்காரரே கையெழுத்துப் போட வேண்டும், புரோக்கர் கையெழுத்து போதாது. எஜாரி, அதாவது துபாய் அரசிடம் செய்த வாடகை ஒப்பந்தப் பதிவும் ரத்தாக வேண்டும். வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். இவ்வளவும் முடிகிற வரை மச்சான் அந்தக் கணக்கில் கை வைக்கவே கூடாது என்று இன்று இரவே அவரிடம் சொல்லுங்கள்.