கொரோனா காலத்தில் இங்கிலாந்து கவுன்சில்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) சிறு வணிகங்களுக்குக் கொடுத்த பணம் கடனா, மானியமா? எல்லோருக்கும் கிடைத்ததா?

மானியம்தான், திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் வணிக வருமானமாகக் கணக்கில் சேரும், லாபம் இருந்தால் வரியும் உண்டு. பலர் இதைக் கவனிக்கவில்லை.

பணம் மத்திய அரசுடையது. பட்டுவாடா செய்தது உள்ளூர் கவுன்சில். காரணம் எளிது: கடைக் கட்டடங்களுக்கான வணிக வரியை வசூலிப்பது கவுன்சில்தான், அதனால் யார் எங்கே கடை வைத்திருக்கிறார் என்ற பட்டியல் அதன் கையில் இருந்தது. 2020 மார்ச்சில் அறிவித்த திட்டத்தில், சிறு வணிக வரிச்சலுகை பெற்றவர்களுக்கு 10,000 பவுண்டு. சில்லறை விற்பனை, உணவகம், பொழுதுபோக்கு போன்ற துறைகளில் கட்டடத்தின் வரி மதிப்பு (வரியைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் மதிப்பு) 15,000 பவுண்டுக்கு மேல், 51,000க்குள் இருந்தால் 25,000.

சிக்கலும் அதே பட்டியலில்தான். விற்பனை எவ்வளவு சரிந்தது என்று யாரும் கேட்கவில்லை, கட்டடத்தைத்தான் பார்த்தார்கள். பகிர்வு அலுவலகத்தில் இருந்தவர்கள், சந்தையில் கடை போடுபவர்கள் எல்லாம் பெயர் இல்லாததால் வெளியே நின்றார்கள். அப்புறம் மே மாதம் இவர்களுக்காக 61.7 கோடி பவுண்டு வரை தனியாக ஒதுக்கினார்கள். அதில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பெருமளவு அந்தந்தக் கவுன்சிலே முடிவு செய்யலாம். ஆகவே ஒரே தொழில் செய்த இருவருக்கு, ஊர் மாறினால் தொகையும் மாறியது.