பார்சிலோனா வார இறுதி: ‘ஸ்பெயின் பெர்மிட்’ விற்பவருக்கு ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்முண்டில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். நாங்கள் மூன்று நண்பர்கள், அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது மாதிரி பார்சிலோனா போய்வர நினைக்கிறோம். ஆளுக்கு 200 யூரோதான் கையில் இருக்கிறது. எங்கள் வாட்ஸப் குழுவில் உள்ள ஒரு ஏஜெண்ட் விமானம், அறை எல்லாம் சேர்த்து 289 யூரோ கேட்கிறார். ‘ஸ்பெயின் பெர்மிட்’டுக்குத் தனியாக 45 யூரோவாம். எனக்கும் ஒரு நண்பனுக்கும் குடியிருப்பு அனுமதி அட்டை இருக்கிறது. இன்னொருவனுக்கு அட்டை இன்னும் வரவில்லை, ‘ஃபிக்ஷன்’ தாள்தான் கொடுத்திருக்கிறார்கள். அவன் வரலாமா? 200 யூரோ போதுமா?

பதில்: தம்பி, அந்த ஏஜெண்டுக்கு இன்னும் பணம் அனுப்பவில்லை என்று நம்புகிறேன். அனுப்பாதீர்கள். ‘ஸ்பெயின் பெர்மிட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ஜெர்மனி கொடுத்த, காலாவதியாகாத குடியிருப்பு அட்டையும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால், பொதுவான நுழைவு விதிகள் வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியின் மற்ற நாடுகளில் எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள் வரை தங்கலாம். ஸ்பெயின் ஷெங்கன் நாடு. யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டாம், யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டாம். புதிதாக வந்த மாணவர்களிடம் இல்லாத ஒரு தாளுக்குக் காசு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பாஸ்போர்ட், அட்டை இரண்டையும் அசலாக எடுத்துப் போங்கள். மொபைலில் இருக்கும் படம் செல்லாது.

அட்டை இல்லாத நண்பன் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் கேள்வியில் உண்மையிலேயே சிக்கலான இடம் இதுதான்.

அவன் கையில் இருப்பது ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்னும் தற்காலிகச் சான்று. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் அதில் மூன்று வகை உண்டு. உள்ளே மூன்று கட்டங்கள் அச்சிட்டிருக்கும், அவற்றில் எதில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். மூன்றாவது கட்டத்தில் குறி இருந்து, பக்கத்தில் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு என்று இருந்தால், பழைய அனுமதியே தொடர்வதாகப் பொருள். அந்தத் தாளோடு காலாவதியான பழைய விசாவையோ பழைய அட்டையையோ சேர்த்துக் காட்டினால் பயணம் செய்யலாம். சேர்த்துக் காட்ட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது, தாள் மட்டும் தனியாகப் போதாது. முதல் கட்டத்திலோ இரண்டாவது கட்டத்திலோ குறி இருந்தால் அவன் ஜெர்மனியை விட்டு வெளியே போகக் கூடாது. போகும்போது யாரும் கேட்காமல் இருக்கலாம். ஆனால் திரும்பி நுழையும் உரிமையை அந்த இரண்டு வகைத் தாளும் தருவதில்லை.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வந்து, அது முடியும் முன்பே அட்டைக்கு விண்ணப்பித்திருந்தால் பெரும்பாலும் மூன்றாவது கட்டமாகத்தான் இருக்கும். ‘பெரும்பாலும்’ என்பதை நம்பி டிக்கெட் போடாதீர்கள், தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மூன்றாவது கட்டமாகவே இருந்தாலும் ஒரு தொல்லை உண்டு. ஞாயிறு மாலை பார்சிலோனா விமான நிலையத்தில் கவுண்டரில் நிற்கும் ஊழியர் இந்தத் தாளை அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார். ஐரோப்பிய ஆணையம் ஒவ்வொரு நாட்டின் குடியிருப்பு அனுமதிகளையும் பட்டியலிட்டு வெளியிடுகிறது. அதில் ஜெர்மனியின் பகுதியில் இந்தத் தாளும் இந்த நிபந்தனையும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கொடுக்க மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, அதுவரை ஒரு மடிப்புத் தாளோடு மாணவனை அலையவிடுவது எந்த ஊர் நியாயமோ. அலுவலகம் செய்யும் தாமதத்துக்கு விமான நிலையத்தில் அவன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அந்த 289 யூரோ பேக்கேஜ். ஜெர்மனியில் விமானமும் தங்குமிடமும் சேர்த்து விற்கிறவர், பணம் வாங்கும் முன் ‘ஸிஹருங்ஸ்ஷைன்’ என்னும் காப்புச் சான்று கொடுக்க வேண்டும். விற்றவர் திவாலானாலும் உங்கள் பணம் திரும்பி வரும் என்பதற்கான உத்தரவாதம் அது. ஏஜெண்டிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றினால் அத்தோடு விட்டுவிடுங்கள். பேபாலில் ‘ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி’ வழியாக அனுப்பச் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவு. அந்த வழியில் போகும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது, போனால் போனதுதான். ஹோட்டல் முகவரியையும் கேளுங்கள். ‘பார்சிலோனா பக்கம்’ என்று சொல்லி லொரெட் தெ மார் என்ற கடற்கரை ஊரில் அறை போடுவது பழைய வழக்கம். பார்சிலோனாவிலிருந்து அது சுமார் 70 கிலோமீட்டர். இரண்டு நாள் பயணத்தில் பாதி நேரம் பேருந்திலேயே போய்விடும்.

மலிவு டிக்கெட் விற்கும் இடைத்தரகு இணையதளங்களும் எனக்குப் பிடிக்காது. 8 யூரோ குறைவாகக் காட்டும். பிறகு உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்து டிக்கெட் போட்டிருக்கும். விமான நேரம் மாறினால் உங்களுக்குத் தகவல் வராது, ஆன்லைன் செக்-இன் செய்யவும் முடியாது. விலை ஒப்பிட அந்தத் தளங்களைப் பாருங்கள், வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள்.

அப்படி வாங்கும்போது நம் ஆட்களுக்கென்றே ஒரு பிரச்சினை வரும். பல தமிழர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், முழுப் பெயரும் ஒரே வரியில் இருக்கும். விமானத் தளமோ இரண்டு பெயர் கேட்டு அடம்பிடிக்கும். உடனே அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிடாதீர்கள். ஒற்றைப் பெயர் உள்ளவர் என்ன எழுத வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும், அதன்படி எழுதுங்கள். பிறகு பெயரை மாற்றக் கேட்கும் கட்டணம் சில நேரம் டிக்கெட் விலையைத் தாண்டிவிடும்.

விமான நிலையத்தின் பெயரையும் கவனியுங்கள். நகரத்தின் விமான நிலையம் எல் பிராட். ஜிரோனா, ரேயுஸ் இரண்டையும் பார்சிலோனா கணக்கில் சேர்த்து விற்பார்கள். இரண்டும் 90, 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. உங்கள் பக்கத்திலேயே வேட்ஸ இருக்கிறது, டூசல்டார்ஃப் பெயரைச் சொல்லிப் பல வருடம் விற்றார்கள், இருப்பதோ நெதர்லாந்து எல்லையோரம். இப்படிப் பெயர் வைக்க எப்படித்தான் அனுமதிக்கிறார்களோ. டூசல்டார்ஃபிலோ கொலோனிலோ ஏறி எல் பிராட்டில் இறங்கும் நேரடி விமானமாகப் பாருங்கள். லண்டன் வழியாக மலிவாக வந்தாலும் வேண்டாம், அது ஷெங்கன் கிடையாது.

பை விஷயம்: மலிவு விமானங்களில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும்தான் இலவசம். பெரும்பாலும் 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர் அளவு. கல்லூரிக்குக் கொண்டு போகும் பை போதும். அளவு மீறினால் வாயிலில் கேட்கும் தொகை உங்கள் மொத்தக் கணக்கையே கவிழ்த்துவிடும்.

இறங்கியபின் முதல் தவறு மெட்ரோவில் நடக்கும். ‘டி-காஷுவல்’ என்று பத்துப் பயண அட்டை ஒன்று உண்டு, 13 யூரோ அளவில் இருக்கும். நகரம் முழுக்க அது போதும். ஆனால் விமான நிலையத்துக்குப் போகும் எல்9 மெட்ரோவில் அது செல்லாது, அதற்குத் தனி டிக்கெட். அதே அட்டை டெர்மினல் 2இலிருந்து கிளம்பும் ஆர்2 ரயிலில் செல்லும். ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் பஸ்ஸெய்க் தெ கிராசியாவில், அதாவது நகரத்தின் நடுவில் இறங்கலாம். டெர்மினல் 1இல் இறங்கினால் இரண்டுக்கும் இடையே இலவசப் பேருந்து இருக்கிறது. அல்லது 46ஆம் எண் பேருந்தில் பிளாசா தெஸ்பான்யா போய்விடலாம், அதிலும் அட்டை செல்லும். திரும்பும்போது மட்டும் ரயிலை நம்பி நேரத்தை இறுக்கிப் போடாதீர்கள். அந்த வழித்தடங்களில் தாமதம் சகஜம்.

மூன்று பேரும் ஒரே டி-காஷுவலில் போகலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அது 2019 வரை இருந்த டி-10 அட்டை. இப்போதுள்ளது ஓர் ஆளுக்கு மட்டும். பரிசோதகரிடம் மாட்டினால் 100 யூரோ அபராதம், உடனே கட்டினால் பாதி. ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு முழுக்க மெட்ரோ ஓடும், வெள்ளி இரவு 2 மணி வரை. டாக்ஸிக்குத் தேவையே வராது.

தங்குமிடம்தான் பெரிய செலவு. அக்டோபர் என்கிறீர்கள். 12ஆம் தேதி ஸ்பெயினின் தேசிய விடுமுறை, அதை ஒட்டிய வார இறுதியைத் தவிருங்கள். உங்கள் மாநிலத்தின் இலையுதிர்காலப் பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அக்டோபரில்தான் வரும், அந்த வாரங்களில் விமான விலை ஏறிவிடும். படுக்கைக் கணக்கில் வாடகை வாங்கும் ஹாஸ்டல்கள் போதும். லா ராம்ப்லா என்னும் சுற்றுலாத் தெருவை ஒட்டித் தேடாமல் சான்ட்ஸ், கிராசியா, பொப்ளெனோ பக்கம் தேடுங்கள். ஒஸ்பிடலெட் பக்கத்து நகராட்சி என்றாலும் அதே மெட்ரோ, அதே டிக்கெட். சுற்றுலா வரியும் அங்கே குறைவு.

அந்த வரியை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பார்சிலோனாவில் ஓர் இரவுக்கு ஆளுக்கு 5 யூரோவுக்குக் குறையாமல், பெரும்பாலும் அறை வாடகையில் சேராமல், சாவி கொடுக்கும்போது கேட்பார்கள். இரண்டு இரவுக்கு 10 யூரோவுக்கு மேல் ஒதுக்கி வையுங்கள். சட்டப்படியான வரிதான். ஆனால் முதல் திரையிலேயே மொத்தத் தொகையைக் காட்ட இந்தத் தளங்களுக்கு என்ன கஷ்டம் என்றுதான் புரியவில்லை. தனி வீடு எடுப்பதாக இருந்தால் விளம்பரத்தில் ‘எச்யூடிபி’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். வீட்டு வாடகை ஏறி ஊர்க்காரர்களே வெளியேறும் நிலையில், 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028க்குள் முடித்துவிடப் போவதாக மாநகராட்சி அறிவித்திருக்கிறது. உரிமமில்லாத வீடு எந்த நேரமும் கைவிட்டுப் போகும்.

சுற்றிப் பார்க்கப் பணம் கொடுத்தே ஆக வேண்டிய இடம் என்று நான் சொல்வது ஒன்றைத்தான், சக்ராதா ஃபமிலியா. 1882இல் தொடங்கிய ஆலயம். அதைக் கட்டிய கவுடி 1926இல் டிராம் மோதி இறந்தார், வேலை அவருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நடந்தது. டிக்கெட் 26 யூரோ அளவில். ஆலயத்தின் சொந்தத் தளத்தில் நேரம் குறித்து முன்பே வாங்க வேண்டும். வாசலில் டிக்கெட் விற்கிறேன் என்று யார் வந்தாலும் நகர்ந்துவிடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் ஞாயிறு காலை 9 மணிப் பூசைக்குச் செல்லலாம், கட்டணம் இல்லை. ஆனால் அது வழிபாடு. சீக்கிரமே போய் வரிசையில் நின்று, அமைதியாக உட்கார்ந்திருக்க முடிந்தால் மட்டும் போங்கள்.

மற்றதெல்லாம் இலவசமாகவே கிடைக்கும். சனி மதியம் 3 மணிக்குமேல் மொன்ஜுயிக் குன்றின் மேல் இருக்கும் கட்டலோனிய தேசியக் கலை அருங்காட்சியகத்தில் கட்டணம் இல்லை. ஞாயிறு 3 மணிக்குமேல் பிளாசா டெல் ரேயில் உள்ள நகர வரலாற்று அருங்காட்சியகமும் அப்படித்தான். தரைக்குக் கீழே ரோமானிய நகரத்தின் தெருவும் சாயப் பட்டறையும் மீன்சாறு ஊறவைத்த தொட்டிகளும் அப்படியே கிடக்கின்றன, அவற்றின் மேலே போட்ட நடைபாதையில் நடந்து பார்க்கலாம். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் அது. ஊர் முழுவதையும் கடல் வரை பார்க்க டூரோ தெ லா ரொவிரா குன்றில் ஏறுங்கள், உள்நாட்டுப் போரின்போது விமான எதிர்ப்புப் பீரங்கி வைத்திருந்த இடம். மாலையிலேயே மூடிவிடுவார்கள், அதனால் சூரியன் சாயும் முன் போய்ச் சேருங்கள்.

சாப்பாட்டுக்கு, பயேயா என்னும் அரிசி உணவின் படம் போட்ட பலகை வைத்திருக்கும் ராம்ப்லா கடைகளில் உட்காராதீர்கள். அங்கே பெரிய கோப்பையில் வைக்கும் சங்கிரியாவுக்கு வரும் பில்லைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். மதிய நேர ‘மெனு தெல் தியா’ என்னும் ஒரே விலைச் சாப்பாடு நல்ல மலிவு, ஆனால் பெரும்பாலும் வார நாட்களில்தான். சைவம் என்றால் தக்காளி தேய்த்த ரொட்டி, சுட்ட கத்தரிக்காய் குடைமிளகாயில் செய்த எஸ்கலிவாதா, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு தொர்த்தியா இருக்கின்றன. ‘இறைச்சி இல்லை’ என்பார்கள், ஆனால் சூரை மீனும் ஹாமும் அவர்கள் கணக்கில் வராமல் போகலாம், தனித்தனியாகக் கேளுங்கள். ஞாயிறு பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகளும் பொக்கெரியா சந்தையும் மூடியிருக்கும். ராவால் பகுதியில் பாகிஸ்தான், வங்கதேசக்காரர்களின் கடைகள் திறந்திருக்கும், பருப்பும் ரொட்டியும் கிடைக்கும்.

திருட்டு. மெட்ரோ எல்3, சான்ட்ஸ் நிலையம், ராம்ப்லா, பார்சிலோனெட்டா கடற்கரை, இங்கெல்லாம் கை வைக்கிறவர்கள் தேர்ந்தவர்கள். ரயில் கதவு மூடும் நொடியில் ஒருவர் முன்னால் தடுமாறி நிற்பார், பின்னால் இருப்பவர் பையைத் திறந்துவிடுவார். பாஸ்போர்ட்டும் அட்டையும் சட்டைக்கு உள்ளே மாட்டும் பையில் இருக்கட்டும். கடலில் இறங்குவதாக இருந்தால் மூவரில் ஒருவர் கரையில் இருங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் ஞாயிறு மாலையில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கணக்குக்கு வருவோம். ஆறேழு வாரம் முன்பே வாங்கினால் விமானம் போகவர 60லிருந்து 90, ஹாஸ்டல் இரண்டு இரவுக்கு 70லிருந்து 90, வரி 10க்கு மேல், போக்குவரத்து 13, சாப்பாடு 50, ஆலயம் 26. எல்லாம் குறைந்த விலைக்கே கிடைத்து, ஆலயத்தையும் விட்டு, சாப்பாட்டிலும் கொஞ்சம் குறைத்தால் 200 யூரோவில் ஒருவாறு ஒப்பேற்றலாம், ஆனால் ஒரு விமானம் தவறினாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆளுக்கு 250 ஆகும் வரை பொறுத்துப் போங்கள், தேவைப்பட்டால் நவம்பருக்குத் தள்ளிப் போடுங்கள், அறையும் விமானமும் அப்போது இறங்கும். அதற்குள் நண்பனின் அட்டையும் வந்துவிட்டால் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.