‘பிபிஏ இல்லை’ என்றால் வேறு எது இருக்கிறது?

கே: கைக்குழந்தைக்கு வாங்கிய பிளாஸ்டிக் பால்புட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர். – சேலம் வாசகி

ப: உங்கள் மேல் தவறே இல்லை, அம்மா. பிளாஸ்டிக் பால்புட்டிக்கு அந்த முத்திரை கட்டாயம். பில்லில் அச்சடித்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். புட்டியையும் பில்லையும் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதுவரை எவர்சில்வர் பாலாடையில் பால் கொடுங்கள்.

கே: ஹோட்டலில் கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்கள். என்ன செய்வது? – திருப்பூர் வாசகர்

ப: தூக்குவாளி எடுத்துப் போங்கள். இதற்கெல்லாம் கடிதம் எழுத வேண்டுமா?

கே: ‘பிபிஏ இல்லாதது’ என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டில் இரு மடங்கு விலை. வாங்கலாமா? – திருச்சி வாசகர்

ப: பேத்திக்காக நானும் 4 வாங்கினேன். பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பிபிஏ என்ற ரசாயனத்துக்குப் பதிலாக என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று தயாரிப்பாளருக்கு இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை. பாட்டில்கள் பரணில் கிடக்கின்றன.

பிபிஏ எனும் பிஸ்பினால்-ஏ, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படும் என்று இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் டாட்ஸ் 1936-லேயே கண்டறிந்துவிட்டார். அதன் பிறகுதான் அதைக் கொண்டு பாலிகார்பனேட் எனும் கெட்டியான பிளாஸ்டிக்கைச் செய்தார்கள்! ஒரு நாளில் உடல் தாங்கும் அளவு என்று தான் முன்பு சொன்னதை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் 20,000 மடங்கு குறைத்தது. பழைய அளவை நம்பியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பிபிஏ-வை வெளியேற்றிய பல பொருள்களில் அதன் உடன்பிறப்புகளான பிபிஎஸ், பிபிஎஃப் வந்து உட்கார்ந்துகொண்டன. அவையும் ஹார்மோன்களைக் குழப்புவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இல்லாததைப் பெரிய எழுத்தில் அச்சிடுபவர்கள், இருப்பதையும் அச்சிடட்டும் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்கிறேன். இவ்வகை ரசாயனம் உள்ளே போன மறுநாளே வயிற்றைப் பிசையாது. கருவிலும் பிஞ்சு வயதிலும் பட்டதன் விளைவு, பருவமெய்தும்போதோ பிள்ளைப்பேற்றுக்கு ஏங்கும்போதோ தலைகாட்டக்கூடும். அன்றைக்கு எந்தக் கடையில் பில்லை நீட்டுவீர்கள்? எவர்சில்வர் வாங்குங்கள்.

கே: எங்கள் 20 லிட்டர் வாட்டர் கேன் மொட்டை மாடி வெயிலில்தான் நிற்கும். அடியில் 7 என்ற எண் இருக்கிறது. பரவாயில்லையா? – மதுரை வாசகர்

ப: பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? 7 என்பது ‘இதர பிளாஸ்டிக்’. பாலிகார்பனேட்டும் அதில் அடக்கம். சூடு ஏற ஏற, அதிலிருந்து தண்ணீரில் பிபிஏ கசிவதும் அதிகமாகும். கேனை இன்றே நிழலுக்கு இறக்குங்கள். புதுக் கேன் வந்தவுடன் தண்ணீரை மண்பானைக்கு மாற்றிவிடுங்கள்.