இருநூறைத் தாண்டினால் இதய நோயா?

கேள்வி: எனக்கு வயது 46. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சுத்த சைவம், முட்டையைக்கூடத் தொட்டதில்லை. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 228, ட்ரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 142 என வந்துள்ளது. இசிஜி நன்றாக இருக்கிறது. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாது என்று பலரும் சொல்வதால் நான் வாங்கவில்லை. கறி சாப்பிடாதவனுக்குக் கொழுப்பு எப்படி வந்தது?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. நெய், வனஸ்பதி, பாமாயில் ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல்.லைக் கூட்டுகிறது, தேவைக்கு மிஞ்சிய சோறும் மைதாவும் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பாக மாறுகின்றன. உங்கள் கடையிலேயே ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்ட எண்ணெய்ப் பாக்கெட்டுகள் இருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது என்பதால் அந்த வாசகத்துக்குப் பெரிய மதிப்பில்லை. பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்புதான். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு சர்க்கரை போட்ட டீயும் வடையுமாகப் பொழுது போகிறதென்றால், சைவமாக இருப்பது மட்டும் காப்பாற்றாது.

லேப்காரர்கள் தடித்த எழுத்தில் அச்சிடும் 228 என்ற எண்ணை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். மொத்தத்திலிருந்து ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தே பெரும்பாலான இடங்களில் எல்.டி.எல். கணக்கிடப்படுகிறது: 228-இல் 34 போக, 52 போக, 142. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. உங்களைப் போல் அது உயர்ந்திருப்பவர்களுக்கு மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பார்ப்பது மேல், ஏனெனில் ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடியவை எல்லாமே அந்த மீதியில் அடங்கிவிடும். உங்களுக்கு அது 194. 130-க்குள் இருந்தால் நல்லது. ஆண்களுக்குக் குறைந்தது 40 இருக்க வேண்டிய எச்.டி.எல். உங்களுக்கு 34 தான். ட்ரைகிளிசரைடு கூடி, எச்.டி.எல். குறைந்து நிற்கும் இந்தச் சேர்க்கை நம் மக்களிடம் மிகச் சாதாரணம். பெரும்பாலும் தொப்பையும், வரவிருக்கும் சர்க்கரை நோயும் அதன் கூட்டாளிகள். ஆகவே ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையையும், தைராய்டு பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும்.

தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்தது இந்த எண்களுக்குக் கூடுதல் எடை சேர்க்கிறது. படுத்திருக்கையில் எடுக்கும் இசிஜி அந்த நேரத்து மின் இயக்கத்தைத்தான் காட்டும். குழாயில் படிந்திருக்கும் அடைப்பு அதில் தெரியாமலே போகலாம்.

ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தினால் எல்.டி.எல். பழைய அளவுக்கே திரும்பும் என்பதால்தான் தொடரச் சொல்கிறோமே தவிர, அதற்கு உடம்பு அடிமையாகிவிடும் என்பது வீண் பயம். தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். அவரிடமே திரும்பப் போய், இதுவரை மாத்திரை சாப்பிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தொடங்கிய 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். திருப்பரங்குன்றம் மலைப்படி ஏறுகையில் நெஞ்சு அழுத்தி, நின்றால் விடுகிறது என்றால் உடனே காட்டுங்கள். வியர்வையோடு நெஞ்சுவலி வந்து நிற்காவிட்டால், வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. மொத்தக் கொலஸ்ட்ரால் 215, எச்.டி.எல். 68, ட்ரைகிளிசரைடு 90. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை. 200-ஐத் தாண்டிவிட்டது என்று மகன் தேங்காய்ச் சட்னியையே நிறுத்திவிட்டான்.
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: அம்மா, உங்கள் மொத்தத்தை 200-க்கு மேலே தள்ளியதில் எச்.டி.எல்.லுக்குப் பெரும் பங்கு உண்டு. பெண்களுக்கு அது 50-க்கு மேல் இருந்தால் போதும். எல்.டி.எல். 129 வருகிறது. குடும்பத்தில் யாருக்கும் இளவயதில் மாரடைப்பு வந்ததில்லை என்றால், இதை மட்டும் வைத்து யாரும் அவசரமாக மாத்திரை தர மாட்டார்கள். தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பது உண்மையே. ஆனாலும் இரண்டு இட்லிக்கு ஒரு கரண்டிச் சட்னியைத் தடுக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் மறுபடி பரிசோதியுங்கள், அன்றே ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.