பூச்சி மாத்திரையும் மலேரியாவும்

அன்புள்ள சார்,

என் பையன் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பிப்ரவரி 10 அன்று பூச்சி மாத்திரை கொடுப்பார்கள். ஆனால் வயிற்றில் பூச்சி இருந்தால் மலேரியா முற்றாது, ஆராய்ச்சியே சொல்கிறது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. போன வருஷம் எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு மலேரியா வந்ததால் பயமாக இருக்கிறது. மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

– ஒரு வாசகி, வியாசர்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நாக்குப்பூச்சி (குடலில் வாழும் நீளமான உருண்டைப் புழு) இருந்த நோயாளிகளுக்கு மூளை மலேரியா குறைவாக வந்தது என்று தாய்லாந்தில் ஓர் ஆய்வு சொன்னது உண்மை. ஆனால் அதே தாய்லாந்தில், பூச்சி உள்ளவர்களுக்கு மலேரியா வருவதே அதிகம் என்றும் கண்டார்கள். செனகலில் நாக்குப்பூச்சி இருந்த குழந்தைகளுக்கு மலேரியா கடுமையாகவே தாக்கியது. இதெல்லாம் வாட்ஸப்பில் வராது.

ஏன் இப்படி மாறி மாறி வருகிறது? நாக்குப்பூச்சி குடலில் ஒன்றிரண்டு வருஷம் குடியிருக்கும். அதுவரை உடம்பு அதைத் துரத்தாமல் இருக்க வேண்டுமே, அதனால் நம் எதிர்ப்புச் சக்தியின் வேகத்தையே தணித்து வைக்கிறது. இன்டர்லூக்கின்-10 போன்ற, அழற்சியை அடக்கும் பொருட்கள் உடம்பில் கூடுகின்றன. மலேரியாக் கிருமி ரத்தத்தில் பெருக ஆரம்பிக்கும்போது நமக்கு வேண்டியதோ நேர் எதிரானது: எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-காமா என்ற பொருள் சுரந்து, உடம்பு உடனே பாய்ந்து அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கை கட்டிப்போட்டிருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். அப்புறம் நோய் முற்றி, அதே எதிர்ப்பு கட்டுமீறி நம்மையே தாக்கும் கட்டத்தில் வேண்டுமானால் அந்தத் தணிப்பு கொஞ்சம் உதவலாம். எந்தப் புழு, எத்தனை புழு, எந்த மலேரியா, என்ன வயசு என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். மூளை மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியாக் கிருமியால் வருவது. சென்னையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை, மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனோபிலஸ் ஸ்டெபன்சி கொசு பரப்புவது. ஆக, நாக்குப்பூச்சி தரும் என்று சொல்லப்படும் அந்தப் பாதுகாப்பு உண்மையாகவே இருந்தாலும், உங்கள் தெருவில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. நஷ்டம் மட்டும் நிச்சயம். கொக்கிப்புழு என்ற இன்னொரு குடல் புழு குடல் சுவரைக் கடித்து தினமும் ரத்தம் குடிக்கிறது, மலேரியா சிவப்பணுக்களை உடைக்கிறது, ஏற்கெனவே சோகை பிடித்த பிள்ளை இரண்டையும் சேர்த்துத் தாங்குவது ரொம்பக் கஷ்டம். நம் பள்ளிகளில் வெளிறிப்போன முகத்தோடு, வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தடுப்பூசி விஷயமும் உண்டு. கபோன் நாட்டில் ஒரு மலேரியாத் தடுப்பூசியைச் சோதித்தபோது, சாட்டைப்புழு என்ற குடல் புழு இருந்தவர்களுக்கு எதிர்ப்புப் பொருள் குறைவாகவே உருவானது. நோய்க்கு எதிரான வேகத்தை மட்டுமல்ல, தடுப்பூசி தரும் எதிர்ப்பையும் புழு அடக்கலாம், தெரிகிறதா?

அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை, நன்றாக மென்று தின்னச் சொல்லுங்கள். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் மட்டும் ஆசிரியரிடம் சொல்லி நிறுத்துங்கள், விடுபட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் மறுபடி கொடுப்பார்கள். காய்ச்சல் குளிரோடு வந்தால் பக்கத்து மாநகராட்சி சுகாதார மையத்தில் அன்றே ரத்தம் பார்த்துவிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.